மால்கம் வாட்சன்: காய்ச்சலை எண்ணியே கிள்ளானைக் காப்பாற்றிய டாக்டர்

1901 செப்டம்பர். கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தில் புத்தம்புதிய துறைமுகம் ஒன்று திறக்கப்படுகிறது. பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். இன்று நாம் போர்ட் கிள்ளான் என்று சொல்லும் அதே இடம்தான். ரயில் பாதை போட்டாச்சு, படகுத்துறை கட்டியாச்சு, ஊழியர்களுக்கு வீடும் கொடுத்தாச்சு.

இரண்டே மாதத்தில் அந்தத் துறைமுகத்தை மூட வேண்டிய நிலை வந்தது. காரணம் புயலும் இல்லை, கடனும் இல்லை. மலேரியா. அரசுக் குடியிருப்புகளில் தங்கியிருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். சரக்கு இறக்க ஆள் இல்லை.

இடத்தையே கைவிட்டுவிடலாமா என்ற பேச்சு எழுந்தபோது, வேண்டாம், இதைச் சரி செய்ய முடியும் என்று வாதாடியவர் 28 வயது டாக்டர் ஒருவர். அந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் பெயர் மால்கம் வாட்சன். அதிகாரிகள் அவர் பேச்சை ஏன் கேட்டார்கள்? அதன் பிறகு என்ன ஆனது? சுபாங் ஜெயாவுக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

யார் இந்த வாட்சன்?

1873-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துவிட்டு, 1900-இல் மலாயா அரசு மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1901 ஜனவரியில் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்து இறங்கினார்.

அவர் வந்த நேரம் முக்கியம். மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பது அப்போது சுடச்சுடச் செய்தி. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1897 ஆகஸ்டில், செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். (அதே ஆண்டில் ஊட்டிக்குப் பக்கத்தில் சிகூர் மலைப்பாதையில் ஆராய்ச்சிக்குப் போனபோது ராஸுக்கே மலேரியா வந்தது தனிக் கதை.) 1902-இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், கொசு பரப்புகிறது என்று தெரிவது வேறு, ஒரு ஊரில் அதைத் தடுத்துக் காட்டுவது வேறு. ராஸ் தாமே ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் முயன்றபோது நினைத்த பலன் கிடைக்கவில்லை. லாகூர் அருகே மியான் மீர் ராணுவ முகாமில் 1902-இல் தொடங்கிய கொசு ஒழிப்பு முயற்சியும் சொதப்பியது. பணம் செலவழித்துச் சதுப்பு நிலத்தை வடிகட்டினால் உண்மையிலேயே உயிர் பிழைக்குமா என்று கேட்டால், அன்றைக்கு உறுதியாகப் பதில் சொல்ல உலகத்தில் யாரிடமும் ஆதாரம் இல்லை.

போர்டு முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன?

அப்போதைய கிள்ளான் சில ஆயிரம் பேர் வாழ்ந்த சின்ன ஊர். ஊருக்கு உள்ளேயே சதுப்பு நிலம், சுற்றிலும் காடு. நகர வேலைகளை முடிவு செய்வது சானிட்டரி போர்டு என்ற குழு. நம்ம ஊர் நகராண்மைக் கழகங்களுக்கு முன்னோடி என்று வைத்துக்கொள்ளலாம். சாலை, குப்பை, கால்வாய் எல்லாம் இவர்கள் பொறுப்பு. கையில் இருக்கும் பணமோ கொஞ்சம்தான்.

மலேரியாவைத் தடுக்க அப்போது உலகில் மூன்று வழிகள் பேசப்பட்டன. ஒன்று, எல்லாருக்கும் கொய்னா கொடுத்து உடம்பிலுள்ள கிருமியைக் கொல்வது. ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக் இதைத்தான் பரிந்துரைத்தார். இரண்டு, வீட்டுக்கு வலை போட்டுக் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்வது. இத்தாலியில் இதைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். மூன்று, கொசு முட்டையிடும் தண்ணீரையே இல்லாமல் ஆக்குவது.

வாட்சன் மூன்றையும் கிள்ளான் நிலவரத்தோடு பொருத்திப் பார்த்தார். கொய்னாவை ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் விழுங்க வேண்டும். தினமும் வந்து போகும் கூலித் தொழிலாளர்களை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா? வலை போட்ட வீடு அதிகாரிக்குச் சரி. அத்தாப்புக் குடிசையிலும் கடைவீதி அஞ்சடியிலும் படுப்பவருக்கு? சதுப்பை வடித்துவிட்டால் யாரும் எதையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம். ஏழை, பணக்காரன் எல்லாருக்கும் ஒரே பாதுகாப்பு. முதலில் செலவு அதிகம், பிறகு பராமரிப்பு மட்டும்தான்.

அவர் ஊரை நடந்தே அளந்தார். எந்த வீட்டில் காய்ச்சல், அந்த வீட்டுக்கு எவ்வளவு தூரத்தில் தேங்கிய தண்ணீர் என்று பார்த்தார். சதுப்பை ஒட்டிய வீடுகளில்தான் நோய் குவிந்திருந்தது. அதனால் ஊர் முழுக்கக் கால்வாய் வெட்டத் தேவையில்லை, எங்கே முதலில் வெட்ட வேண்டும் என்று சொல்ல முடிந்தது. பட்ஜெட் குறைவாக இருக்கும் ஒரு கமிட்டிக்கு இதைவிட உதவியான தகவல் வேறென்ன?

கிள்ளான் சானிட்டரி போர்டு ஒப்புக்கொண்டது. துறைமுகத்தையும் மூடிவிடுவதற்குப் பதிலாக, சதுப்பை நிரப்பி, வடிகால் வெட்டிப் பார்ப்பது என்று முடிவானது. சிலாங்கூரின் தலைமை மருத்துவர் டாக்டர் டிராவர்ஸ் வாட்சனுக்குப் பக்கபலமாக நின்றார். மேலிடத்தில் ஒரு ஆள் இல்லாமல் இதெல்லாம் நகராது என்பது அன்றும் அப்படித்தான்.

எண்கள் என்ன சொல்லின?

இங்கேதான் வாட்சன் மற்ற டாக்டர்களிடமிருந்து வேறுபடுகிறார். வேலை முடிந்தது, காய்ச்சல் குறைந்தது என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டுப் போகவில்லை. ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கொண்டே இருந்தார்.

கிள்ளான் ஊரிலிருந்து மலேரியாவோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் 1901-இல் 334 பேர். 1902-இல் 129. பிறகு 48, 28. 1905-இல் வெறும் 12. போர்ட் சுவெட்டன்ஹாமில் 188 பேராக இருந்தது 1905-இல் 11 ஆனது.

இறப்பு? இரண்டு ஊரும் சேர்த்து 1901-இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். மற்ற நோய்களையும் சேர்த்தால் 582. சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த இடம் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைத் திரும்பப் படியுங்கள். அடுத்த ஆண்டே காய்ச்சல் இறப்பு 59 ஆகக் குறைந்தது. 1905-இல் 45.

இதைப் பார்த்ததும் உங்களுக்குள் ஒரு சந்தேகம் வந்தால் நல்லதுதான். கொள்ளைநோய் என்றால் ஒரு ஆண்டு உச்சத்துக்குப் போய் அடுத்த ஆண்டு தானாகவே இறங்குமே? கால்வாய் வெட்டாமல் இருந்தாலும் குறைந்திருக்காதா?

அதே கேள்வியைத் தான் எதிர்கொள்ள வேண்டும் என்று வாட்சனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் கால்வாய் வெட்டாத இடங்களையும், அதாவது அதே மாவட்டத்தின் மற்றப் பகுதிகளையும், பக்கத்திலேயே வைத்து எண்ணினார். அங்கிருந்து மலேரியாவுடன் மருத்துவமனைக்கு வந்தவர்கள் 1901-இல் 197. 1905-இல் 353. காய்ச்சல் இறப்பு 266-லிருந்து 351. ஒரே மழை, ஒரே வெயில், ஒரே டாக்டர். ஊருக்குள் குறைகிறது, வெளியே ஏறுகிறது. (ரப்பர் தோட்டங்கள் திறக்கப்பட்டு ஆட்கள் குவிந்ததும் வெளியே எண்ணிக்கை ஏறியதற்கு ஒரு காரணம். ஆனால் ஊருக்குள் ஏற்பட்ட சரிவை அது விளக்காது.)

அதோடும் நிற்கவில்லை. மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் எண்ணினால் வராதவர்கள் தப்பிவிடுவார்கள் இல்லையா? எனவே குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார். சிறுவர்கள் அந்த இடத்திலேயே கடி வாங்கியவர்கள், அவர்கள் ரத்தம் பொய் சொல்லாது. 1904-இல் கிள்ளானில் 173 பிள்ளைகளைச் சோதித்ததில் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் கிருமி இருந்தது. போர்ட் சுவெட்டன்ஹாமில் 87-க்கு ஒன்று. வடிகால் இல்லாத பகுதிகளில் 298 பேரில் 101 பிள்ளைகளுக்கு. மூன்றில் ஒரு பங்கு!

இன்னொரு கணக்கும் வைத்திருந்தார். அரசு ஊழியர்கள் மலேரியாவுக்காக எடுத்த மருத்துவ விடுப்பு. 1901-இல் 236 சான்றிதழ்கள், மொத்தம் 1,026 நாள். 1905-இல் 4 சான்றிதழ்கள், 30 நாள். என் கணிப்பில் மேலதிகாரிகளை உட்கார வைத்தது இந்தக் கணக்காகத்தான் இருக்கும். குழந்தையின் ரத்தம் டாக்டருக்குப் புரியும் மொழி. எம்சி கணக்கு எந்த ஆபீஸுக்கும் புரியும் மொழி. கேட்பவர் யார் என்று பார்த்து ஆதாரத்தைத் தேர்ந்தெடுத்து வைக்க அவருக்குத் தெரிந்திருந்தது.

டிராவர்ஸும் வாட்சனும் சேர்ந்து இந்த முடிவுகளை 1906-இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கிள்ளான் என்ற பெயர் உலக மருத்துவ வட்டாரங்களில் பரவியது.

அதே வழி மலையில் ஏன் எடுபடவில்லை?

கதை இத்துடன் முடிந்திருந்தால் வாட்சன் ஒரு நல்ல டாக்டர், அவ்வளவுதான். அதற்கு அப்புறம் நடந்ததுதான் அவரை முக்கியமானவர் ஆக்கியது.

கார் டயருக்கு ரப்பர் தேவை என்று உலகமே அலைந்த காலம். கிள்ளான் வட்டாரத்தில் காட்டை வெட்டிப் பால்மரத் தோட்டங்கள் முளைத்தன. வேலைக்குக் கங்காணிகள் மூலம் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் கப்பலேறி வந்தார்கள். வாட்சன் சில ஆண்டுகளில் அரசு வேலையை விட்டுவிட்டு இந்தத் தோட்டங்களின் மருத்துவர் ஆனார்.

கடலோரத் தட்டை நிலத்தில் இருந்த தோட்டங்களில் பழைய வழி அப்படியே வேலை செய்தது. காட்டை வெட்டு, கால்வாய் போடு, மலேரியா போய்விடும். ஆனால் உள்ளே தள்ளி, சிறு குன்றுகள் நிறைந்த தோட்டங்களில் அதே வேலையைச் செய்தபோது மலேரியா குறையவில்லை. பல இடங்களில் மோசமானது. காட்டை வெட்டி, ஓடைகளைத் துப்புரவாக வைத்த தோட்டத்தில்தான் லயத்துக்கு லயம் காய்ச்சல். இது எப்படி?

அப்படி அவர் போராடிய குன்றுத் தோட்டங்களில் ஒன்றின் பெயர் சீஃபீல்ட். ஆமாம், அதே சீஃபீல்ட்தான். 1970-களில் அந்தத் தோட்ட நிலத்தில்தான் சுபாங் ஜெயா எழுந்தது. தமிழ்ப்பள்ளியின் பெயரிலும் மாரியம்மன் கோயிலின் பெயரிலும் அந்தத் தோட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யுஎஸ்ஜே பக்கம் வண்டி ஓட்டும்போது சாலை ஏறி இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஏற்ற இறக்கம்தான் பிரச்சனையின் மூலம்.

விடை கொசுவில் இருந்தது. எல்லா அனாபிலிஸும் ஒன்றல்ல. கடலோரச் சதுப்பில் மலேரியாவைப் பரப்பியது அம்புரோசஸ் என்ற வகை. அதற்கு நிழல் வேண்டும், காட்டுக்குள் தேங்கிய தண்ணீர் வேண்டும். காட்டை வெட்டினால் அது காலி. குன்றுகளில் பரப்பியதோ மக்குலேட்டஸ் என்ற வகை. அதற்கு வேண்டியது நேர்மாறு. வெயில் படும், தெளிந்த, மெல்ல ஓடும் ஊற்றுநீர். காட்டை வெட்டி வெயிலை உள்ளே விட்டு, ஓடையைச் சுத்தமாக்கிக் கொடுத்தது வாட்சனின் சொந்தச் சிகிச்சை முறைதான். கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

கிள்ளானில் ஜெயித்துப் பேர் வாங்கிய வழி அது. வேறொருவராக இருந்தால் ஆட்கள் சரியாக வேலை செய்யவில்லை, கால்வாய் போதவில்லை என்று சாக்கு சொல்லியிருக்கலாம். வாட்சன் மறுபடியும் எண்ணத் தொடங்கினார். இந்த முறை மைக்ராஸ்கோப்கூட எல்லா இடத்திலும் தேவைப்படவில்லை. மலேரியா அடிக்கடி வந்தால் மண்ணீரல் வீங்கும். லயத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இடது விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்த்தாலே தெரியும். நூற்றுக்கு எத்தனை பிள்ளைகளுக்கு வீக்கம் என்று தோட்டம் தோட்டமாகக் குறித்தார். லயம் ஓடைக்கு எவ்வளவு பக்கம், அந்த ஓடையில் எந்த வகைக் கொசுப்புழு என்பதையும் அதோடு சேர்த்துப் பார்த்தார். தட்டை நிலம், குன்று, கடலோரம் என்று மலேரியா வேறு வேறு முகம் காட்டுவது அப்போதுதான் தெளிவாகப் பிடிபட்டது.

குன்றுக்குப் புது வைத்தியம் கண்டுபிடித்தார்கள். ஓடைத் தண்ணீரை மண்ணுக்கு அடியில் குழாய் பதித்து ஓட விடுவது. வெயில் இல்லை, முட்டையிட இடமும் இல்லை. குழாய் போட முடியாத இடத்தில் வாரா வாரம் எண்ணெய் தெளிப்பது. எண்ணெய்ப் படலம் தண்ணீரை மூடினால் புழுவால் மூச்சுவிட முடியாது. முட்டை கொசுவாக மாற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் வாரம் ஒரு முறை போதும். கொல்ல வேண்டிய வகையை மட்டும் அடையாளம் கண்டு, அதன் பழக்கத்துக்கு எதிராக வேலை செய்வது. பிறகு டச்சு விஞ்ஞானி சுவெல்லன்கிரபல் இந்த அணுகுமுறைக்கு இனவாரிச் சுகாதாரம் என்ற பொருளில் பெயர் வைத்தார். அவரும் மலாயாவுக்கு வந்து வாட்சனின் வேலையைப் பார்த்தவர்தான்.

லயத்தில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது?

ஒரு எண் போதும். 1911-இல் மலாய் ஐக்கிய மாநிலங்களின் தோட்டங்களில் 1,43,614 தொழிலாளர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு மட்டும் இறந்தவர்கள் 9,040. ஆயிரத்துக்கு கிட்டத்தட்ட 63 பேர். இவர்கள் வயதானவர்கள் அல்ல. வேலைக்காகத் தேர்ந்தெடுத்துக் கப்பலேற்றப்பட்ட இளவயதுக்காரர்கள். பெரும்பாலோர் தமிழர்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா தோட்டத்துக்கு வந்தவர் என்றால், இந்த எண்ணிலிருந்து தப்பியவர்களில் ஒருவர் அவர்.

அதே 1911-இல்தான் அரசு மலேரியா ஆலோசனை வாரியம் ஒன்றை அமைத்தது. மலேரியாத் தடுப்பு ஒரு டாக்டரின் ஆர்வம் என்ற நிலை மாறி, அரசின் நிரந்தர வேலையானது. பின்வந்த ஆண்டுகளில் தோட்டத்து இறப்பு விகிதம் வெகுவாகக் குறைந்தது.

வாட்சனை மகானாக்கத் தேவையில்லை. அவர் காலனி அரசின் டாக்டர், பிறகு தோட்டக் கம்பெனிகளின் டாக்டர். தொழிலாளி செத்தால் கம்பெனிக்கு நஷ்டம் என்ற கணக்கும் அவர் வாதத்தில் எப்போதும் இருந்தது. முடிவெடுத்த எந்தப் போர்டிலும் லயத்திலிருந்து ஒருவர் உட்கார்ந்ததில்லை. பெரட்டில் வரிசையில் நின்று கொய்னா விழுங்கியவர்களிடமும், ஓடையில் இறங்கிக் குழாய் பதித்தவர்களிடமும் யாரும் கருத்துக் கேட்கவில்லை. எண்ணப்பட்டார்கள், அவ்வளவுதான். ஆனாலும் எண்ணப்படாமல் போயிருந்தால் அந்த 9,040 யாருடைய மேஜைக்கும் போயிருக்காது என்பதும் உண்மை.

கடைசிக் காலம்

1911-இல் தம் அனுபவத்தை, மலாய் ஐக்கிய மாநிலங்களில் மலேரியாத் தடுப்பு பற்றிய பெரிய நூலாக எழுதினார். பத்து ஆண்டுகள் கழித்து 1921-இல் அதை விரிவாக்கி மறுபதிப்புக் கொண்டுவந்தார். எடுபட்டது எது, எடுபடாதது எது என்று தோட்டம் தோட்டமாக அதில் பதிவு செய்திருக்கிறார். 1924-இல் சர் பட்டம் கிடைத்தது.

1920-களின் இறுதியில் பிரிட்டன் திரும்பி, ராஸ் பெயரில் லண்டனில் இயங்கிய வெப்பமண்டல நோய் ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தார். 1932-இல் ராஸ் இறந்த பிறகு அதன் இயக்குநர் ஆனார். இன்றைய ஜாம்பியாவில் தாமிரச் சுரங்க ஊர்களில் மலேரியாவைக் கட்டுப்படுத்தவும் கிள்ளானில் கற்றதுதான் கை கொடுத்தது. அங்கேயும் முதல் வேலை, எந்தக் கொசு என்று பார்ப்பதுதான். 1955 டிசம்பரில், 82 வயதில் இறந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் மலாயா சுதந்திரம் பெற்றது.

இப்போது மலேசியாவில் நிலைமை என்ன?

மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியாகப் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து மனிதருக்கு வரும் நோலசி வகை மலேரியா, குறிப்பாகச் சபா, சரவாக் காட்டோரங்களில், இன்னமும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைத் தாக்குகிறது. அதைப் பரப்பும் கொசு வேறு, அதன் பழக்கமும் வேறு. சுபாங் ஜெயாவில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் புகை அடிக்க வருபவர்கள் தேடுவதோ டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவை. அது ஓடைக்கும் போகாது, சதுப்புக்கும் போகாது. பூச்சட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரே அதற்குப் போதும்.